ஏழாம் நம்பர் ரூட்டின் மூக்கு

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் என்னைப் பார்க்க வந்தால், இரண்டாவது வாய் டீ இறங்குவதற்குள் கேட்டுவிடுகிறார்கள், "சார், ரூட் பதிவு பண்ண எந்த ஆப் நல்லது?" எல்லா ஆப்பும் நல்லதுதான், போனைப் பிடித்திருக்கிற கை நல்லதாக இருந்தால் போதும் என்பேன். சிரிக்கிறார்கள். கிழவனுக்குப் பேச்சு மட்டும் குறையவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள் போல. நினைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போவது அந்தக் கையைப் பற்றித்தான், அதுவும் என் கையைப் பற்றி.

படப்பையில் பஸ் யார்டு வைத்திருந்த ஒரு கான்ட்ராக்டரிடம் ரூட் இன்சார்ஜாக இருந்தேன். ஒரகடத்துத் தொழிற்சாலைகளுக்கு ஷிப்டு ஆட்களை ஏற்றி இறக்குவது எங்கள் தொழில். நான் சேர்ந்த காலத்தில், 2006, 2007 வாக்கில், ரூட் என்றால் ஒரு நோட்டுப் புத்தகம். 'புளியமரம் தாண்டி மூன்றாவது கரண்ட் கம்பம்' என்று ஸ்டாப்புக்கு அடையாளம் எழுதி வைத்திருப்பேன். ரோட்டை அகலப்படுத்த வந்தவர்கள் மரத்தையும் வெட்டினார்கள், கம்பத்தையும் பிடுங்கினார்கள். ஒரு புது டிரைவர் என் நோட்டை வைத்துக்கொண்டு இல்லாத புளியமரத்தை இரண்டு நாள் தேடினார். அதனால், போனிலேயே வரைபடமும் அதில் நாம் போன வழி கோடாக விழும் வசதியும் வந்தபோது, எங்கள் யார்டிலேயே அதிகம் குதித்தவன் நான்தான். மரம் வெட்டினாலும் கோடு இருக்கும் அல்லவா?

இருக்கும். நாமே வெட்டாத வரைக்கும்.

2012-ல் நாங்கள் ஓட்டிக்கொண்டிருந்த பெரிய தொழிற்சாலை ஒன்று, எங்கள் பதினான்கு பஸ்ஸிலும் ஒரு கறுப்புப் பெட்டியை மாட்டியது. பஸ் எங்கே போகிறது என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும். ஆனால் எங்கே போக வேண்டும் என்று அதற்குத் தெரிய வேண்டுமே. பதினான்கு ரூட்டையும் பதிவு செய்து ஒரு வாரத்தில் ஃபைலாகக் கொடுங்கள் என்றார்கள். அந்தத் தொழிற்சாலையின் போக்குவரத்துப் பிரிவில் கோவில்பட்டிப் பக்கத்துப் பெண் ஒருத்தி வேலையில் இருந்தாள். குன்றத்தூரில் ஹாஸ்டல் வாசம். என் மகள் வயதுதான் இருக்கும். இந்தத் தொழிலில் எனக்கு குரு என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் அந்தப் பெண்ணைத்தான் சொல்வேன். போனை எந்தப் பக்கம் வைக்க வேண்டும், மூன்று நொடிக்கு ஒரு புள்ளி விழும்படி எப்படி அமைக்க வேண்டும் என்று எல்லாம் அவள் சொல்லிக் கொடுத்ததுதான்.

இரண்டு சொற்களை மட்டும் இங்கே விளக்கிவிடுகிறேன். மற்றதெல்லாம் உங்களுக்கே தெரியும். தகரக் கூரைக்கு அடியிலோ உயரமான ஷெட் சுவர் ஓரத்திலோ போனால் போன் தடுமாறும். பஸ் ரோட்டில் நிற்கும்போதே, வயலுக்குள் பாய்ந்து திரும்பியதாக ஒரு கூர்மையான கோட்டைக் கிழித்துவிடும். அந்தப் பொய்க் கோட்டுக்கு அவள் வைத்த பெயர் 'முள்'. அதைக் கம்ப்யூட்டரில் பிடுங்கி எறிந்துவிட வேண்டும். இன்னொன்று, எங்கள் டிரைவர்கள் வைத்த பெயர். பஸ் மெயின் ரோட்டை விட்டு ஒரு தெருவுக்குள் போய், ஆள் ஏற்றிக்கொண்டு, போன வழியே திரும்பி வந்தால், திரையில் அது முகத்தில் மூக்கு நீட்டிக்கொண்டிருப்பதுபோல் தெரியும். "இந்த ரூட்ல எத்தினி மூக்கு கீது சார்?" என்றுதான் கேட்பார்கள். மூக்கு அதிகமென்றால் டிரைவருக்கு வேலை அதிகம்.

ஏழாம் நம்பர் ரூட்டில் ஒரே ஒரு மூக்கு. குன்றத்தூரில் கிளம்பி, மணிமங்கலம் வழியாகப் படப்பை வந்து, ஒரகடம் போகும் பஸ் அது. மணிமங்கலம் தாண்டியதும் ஓர் ஏரிக்கரைக் காலனி. உள்ளே ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். அங்கிருந்து முதல் ஷிப்டுக்கு எட்டுப் பெண்கள் வருவார்கள். முன்பெல்லாம் அவர்கள், காலனித் தெரு மெயின் ரோட்டில் சேரும் முக்கு ரோடு வரை நடந்து வந்து நிற்பார்கள். கன்டெய்னர் லாரிகள் வரிசையாக அங்கே நிறுத்த ஆரம்பித்த பிறகு, ஒரு நாள் லாரி பின்னால் நகர்ந்து ஒரு பெண்ணை மற்றொரு லாரியோடு சேர்த்து நெருக்கிவிட்டது. உயிருக்கு ஒன்றுமில்லை, தோள்பட்டையோடு போயிற்று. அப்போதிருந்த தொழிற்சாலை அதிகாரி, "பஸ் உள்ளேயே போகட்டும்" என்றார். வாயால்தான் சொன்னார், எழுதித் தரவில்லை. பிறகு அவர் மாற்றலாகிப் போய்விட்டார். ஆக, அந்த மூக்குக்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி நான் போனில் பதிவு செய்யப்போகும் கோடுதான்.

ஏழாம் நம்பரை ஓட்டியவர் ஏழுமலை. "ஏழுக்கு ஏழு, அர மட்டுந்தான் பாக்கி, அதுவும் சேந்துட்டா ஏழரதான்" என்று யார்டில் மற்ற டிரைவர்கள் அவரைச் சீண்டுவார்கள். அவர் சிரிக்கவும் மாட்டார், கோபிக்கவும் மாட்டார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார். பதினோரு வருடம் ஸ்டியரிங் பிடித்து ஒரு கீறல் போடாத மனிதர்.

ஒரு வாரம் விடிவதற்கு முன் எழுந்து பதினான்கு பஸ்ஸிலும் ஏறி இறங்கி எல்லா ரூட்டையும் பதிவு செய்தேன். ஏழாம் நம்பரிலும் போனேன், காலனிக்குள்ளும் போனேன், எட்டுப் பெண்கள் ஏறியதையும் பார்த்தேன். பிறகு ஒரு மத்தியானம் யார்டு ஆபீசில் உட்கார்ந்து முள் பிடுங்க ஆரம்பித்தேன். தலையில் ஈர் எடுப்பது மாதிரி ஒரு சுகம் அதில் இருக்கிறது. ஒன்றைப் பிடுங்கினால் அடுத்ததைக் கை தானாகத் தேடும். அசதியில் செய்துவிட்டேன் என்று பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். பெருமையில் செய்தேன். வரைந்து வைத்ததுபோல ஒவ்வொரு கோடும் வழவழவென்று ஆவதைப் பார்க்கப் பார்க்க, நான் பெரிய ஆள் என்று எனக்கே தோன்றியது. ஏழாம் நம்பர் கோட்டில் ஏரிப் பக்கமாக ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. மவுஸால் அதைச் சுற்றிப் பெட்டி போட்டு வளைத்தேன், அழித்தேன். கோடு நேரானது.

பொய் முள்ளில் இரண்டு மூன்று புள்ளிதான் இருக்கும். நிஜ மூக்கில் நூற்றுக்கு மேல் இருக்கும். பெரிதாக்கிப் பார்த்திருந்தால் ஒரு கணத்தில் தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை. "எதையும் அழிக்கதுக்கு முன்னால ஒரு நகல் எடுத்துப் போட்டுட்டு அழிங்க அண்ணாச்சி" என்று அந்தப் பெண் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொல்லியிருந்தாள். நகலும் எடுக்கவில்லை. அதே பெயரில், அதே ஃபைலின் மேலேயே சேமித்தேன். போனில் இருந்ததையும் இடம் அடைக்கிறது என்று துடைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து தொழிற்சாலையிலிருந்து முதலாளிக்குக் கடிதம் வந்தது. ஏழாம் நம்பர் பஸ் தினமும் மணிமங்கலத்துக்கும் படப்பைக்கும் இடையில் இரண்டரைக் கிலோமீட்டர் போல ரூட்டை விட்டு விலகிப் போகிறது, டிரைவர் கம்பெனி வண்டியைச் சொந்த வேலைக்குப் பயன்படுத்துகிறார், வெள்ளிக்கிழமை விசாரணைக்கு அழைத்து வரவும். கடிதத்தை முதலாளி என் கையில் கொடுத்தார்.

இங்கே நான் எப்படி யோசித்தேன் என்பதைக் கவனியுங்கள். காலனி மூக்குதான் நம் ஃபைலில் இருக்கிறதே, அதற்கும் மேலே இரண்டரைக் கிலோமீட்டர் என்றால் இந்த மனுஷன் வேறெங்கோ போகிறார் என்று நினைத்தேன். என் ஃபைல் தப்பாக இருக்கலாம் என்று ஓர் இழை கூட ஓடவில்லை. நேரே யார்டுக்குப் போனேன். பத்துப் பன்னிரண்டு டிரைவர்கள் இருந்தார்கள்.

"இன்னா ஏழுமல, வழியில ஆள் ஏத்தி ஓட்டறியா? கம்பெனி வண்டியா, உன் ஷேர் ஆட்டோவா?"

அவர் கண்ணாடி துடைத்த துணியை மடித்தார்.

"நான் எங்கியும் போவல சார். நீங்க காட்டுன வழிலதான் போறேன்."

"மெஷின் பொய் சொல்லுமா?"

"எந்த மெஷின்னு எனக்குத் தெரியாது சார். நீங்களும் ஒண்ணு கைல வச்சினுகீறீங்க. அத்தாண்ட கேளுங்க."

யாரோ "ஏழர வந்துடுச்சுப்பா" என்றார்கள். சிரிப்பு கிளம்பியது. ஏழுமலை வண்டிக்குப் பின்னால் போய்விட்டார்.

அவர் சொன்னபடி கேட்டேன். சொன்னதற்கு மரியாதை கொடுத்தல்ல, அவர் வாயை அடைக்க ஆதாரம் வேண்டுமே என்று. கம்ப்யூட்டரில் ஏழாம் நம்பர் ஃபைலைத் திறந்தேன். மணிமங்கலம் தாண்டி, ஏரி தாண்டி, கோடு கத்தியால் சீவியதுபோல் நேராகப் போயிற்று. மூக்கு இல்லை. பெரிதாக்கிப் பார்த்தேன், அப்போதும் இல்லை. அப்புறம் அந்த மத்தியானம் ஞாபகம் வந்தது, பெட்டி போட்டு வளைத்த என் விரலும் ஞாபகம் வந்தது. மூக்கை அறுத்தவன் நான், ஊர் நடுவில் மூக்கறுபட்டு நிற்கிறவர் அவர். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்.

போனில் தேடினேன், கம்ப்யூட்டரின் குப்பைத் தொட்டியில் தேடினேன், பழைய பென் டிரைவில் தேடினேன். எங்கும் இல்லை. அந்தப் பெண்ணிடம் ஓடினேன், நான் அழித்ததைச் சொல்லாமல், பஸ் போன வழியில் விழுந்தது முள்ளாக இருக்குமா என்று மட்டும் கேட்டேன். ஏழாம் நம்பர் பஸ்ஸின் கறுப்புப் பெட்டி எழுதி வைத்திருந்ததைத் திறந்து காட்டினாள்.

"முள்ளுன்னா இம்புட்டுப் புள்ளி விழாது அண்ணாச்சி. வண்டி தெனமும் ஒரே எடத்துக்குப் போவுது, ஒரே எடத்துல நிக்குது. ஆனா இத வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. தெனமும் போறாருன்னுதான் இது சொல்லும். போவச் சொன்னது யாருன்னு சொல்லாது."

"உங்க புது ஆபீசருக்கு என்ன தெரியும்?"

"அவரு டிரைவரோட தங்கச்சி வீடு அந்தக் காலனியிலதான் இருக்குன்னு விசாரிச்சு வச்சிருக்காரு."

அது உண்மை. தங்கை வீட்டிலிருந்து சில நாள் ஜன்னல் வழியாக ஒரு டம்ளர் டீ வரும். நானே குடித்திருக்கிறேன். புது அதிகாரியின் கணக்கு முடிந்துவிட்டது என்று அப்போதே தெரிந்தது. தங்கச்சி வீட்டு டீக்குக் கம்பெனி பஸ்ஸை ஓட்டிய டிரைவர் என்று ஒரு கடிதம் கையில் விழுந்தால், ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வாலாஜாபாத் வரைக்கும் எந்தக் கான்ட்ராக்டரும் ஏழுமலைக்குச் சாவி கொடுக்க மாட்டான். இந்தத் தடத்தில் டிரைவருக்குப் பெயர்தான் லைசென்ஸ்.

முதலாளியிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டார். கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

"இத்த எவனுக்கும் சொல்லாத. அடுத்த மாசம் கான்ட்ராக்ட் புதுப்பிக்கணும். ரூட் போட்டுக் குடுக்கறதே தப்பாக் குடுத்தோம்னா, நாளைக்கு வேற ஆளக் கூட்டினு வருவான். ஏழுமலய நான் வேற எங்கனா போட்டுக்கறேன்."

"எங்க போடுவீங்க மொதலாளி? அந்தக் கடுதாசி வந்தா நீங்களே போட முடியாது."

"அதுக்கு இன்னா பண்ணச் சொல்ற? பதினாலு வண்டியும் நிக்கட்டுமா?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பதினான்கு வண்டியென்றால் பதினான்கு டிரைவர் குடும்பம். ஆனால் ஒரு நியாயத்தைக் காட்டி இன்னொரு அநியாயத்தை மூட முடியுமா என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே போனேன்.

மறுநாள் விடியற்காலை கம்பெனி பஸ்ஸில் போகவில்லை. ஷேர் ஆட்டோவில் வந்து மணிமங்கலத்தில் இறங்கி முக்கு ரோட்டுக்கு நடந்து போய், லாரிகளுக்கு நடுவில் பத்து நிமிடம் நின்று பார்த்தேன். நான் அழித்தது எது என்று என் காலுக்குத் தெரிய வேண்டும் என்று தோன்றியது. கன்டெய்னர்கள் இரண்டு பக்கமும் சுவர் மாதிரி நின்றன. நான் ரோட்டைப் பார்க்க முடியவில்லை, ரோடும் என்னைப் பார்த்திருக்காது. ஏதோ ஒரு லாரி கிளம்பும் சத்தம் கேட்டது. முன்னால் போகிறதா பின்னால் வருகிறதா என்று தெரியவில்லை. ஓடி வெளியே வந்தேன். அதற்குள் ஏழுமலையின் பஸ் காலனியிலிருந்து திரும்பி வந்தது. ஏறினேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. முன் சீட்டில் இருந்த பெண், அன்றைக்கு லாரி நெருக்கியதே அவள்தான், கேட்டாள்:

"இன்னா சார், எங்க ஸ்டாப்ப எடுக்கப் போறாங்களாமே? நாங்க மறுபடியும் லாரிக்கு நடுவால நிக்கணுமா?"

"இல்லம்மா. எடுக்க மாட்டாங்க."

சொல்லிவிட்டேன். என்ன தைரியத்தில் சொன்னேன் என்று தெரியவில்லை. ஆனால் சொன்ன பிறகு ஒன்று தெளிவாகிவிட்டது. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்கத்தான் வேண்டும், நான் தின்ற உப்புக்கு இன்னொருவன் தண்ணீர் குடிக்கக் கூடாது. யார்டுக்குப் போனதும் ஒரு வெள்ளைத்தாளில் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை அந்த அறையில் உட்கார்ந்த பிறகு எனக்கு நாக்கு இழுத்துக்கொள்ளும் என்று என்னைப் பற்றி எனக்குத் தெரியும். அதனால் தப்பிக்கிற வழியை முதலிலேயே அடைத்துவிட்டேன். இதை நீங்களும் செய்யலாம். தைரியம் வரும்வரை காத்திருக்காதீர்கள், அது லேசில் வராது.

விசாரணை ஒரு சின்ன ஏ.சி. அறையில். அதிகாரி, முதலாளி, ஏழுமலை, நான். மூலையில் கம்ப்யூட்டரோடு அந்தக் கோவில்பட்டிப் பெண். அதிகாரி சுவரில் இரண்டு கோடுகளைப் போட்டுக் காட்டினார். ஒன்று நாங்கள் கொடுத்த ரூட், நீலம். இன்னொன்று பஸ் போன வழி, சிவப்பு. நீலக் கோட்டிலிருந்து சிவப்பு மட்டும் ஏரிப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது.

"இது க்ளியர் கேஸ். இங்க இவரோட சிஸ்டர் வீடு. டெய்லி போயிருக்கார். நீங்க என்ன சொல்றீங்க?" என்று ஏழுமலையைக் கேட்டார்.

"ஆளு ஏத்தத்தான் சார் போனேன்."

"ரூட்ல இல்லாத எடத்துல ஏது ஆளு?"

ஏழுமலை என்னைப் பார்த்தார். அந்த அறையில் அவர் என்னைப் பார்த்தது அந்த ஒரு முறைதான். சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து மேஜையில் வைத்தேன். பக்கத்தில் முதலாளி பெருமூச்சு விட்டது கேட்டது.

"ரூட்ல அந்த ஸ்டாப் இருந்தது சார். ஃபைல்ல இருந்து அத அழிச்சது நான். பொய்க் கோடுன்னு நெனச்சு அழிச்சேன். டிரைவர் சொன்ன வழியில சரியா ஓட்டியிருக்கார்."

அதிகாரி தாளைப் படித்தார்.

"ஒரிஜினல் எங்க?"

"இல்ல சார். அதே பேர்ல மேலயே சேவ் பண்ணிட்டேன்."

"இல்லாத ஃபைலக் காட்டி உங்க ஆளக் காப்பாத்தப் பாக்கறீங்க."

"ஃபைல் இருந்தா அதக் காட்டியிருப்பேன் சார். இல்லாததால என்னக் காட்டறேன்."

அவர் நம்பவில்லை. நான் அவர் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன். முடிந்தது, ஏழுமலையோடு சேர்ந்து நானும் போகிறேன், போனால் போகட்டும் என்று நினைத்தேன். அப்போது மூலையிலிருந்து அந்தப் பெண் சொன்னாள்:

"சார், அவங்க குடுத்த ஃபைல்ல கோட்டப் பாக்காதீங்க, நேரத்தப் பாருங்க. ஒவ்வொரு புள்ளிக்கும் அது விழுந்த நேரம் கூடவே இருக்கு. மூணு செகண்டுக்கு ஒண்ணு விழணும். இந்த முக்குல ஒரு புள்ளி அஞ்சு பத்து முப்பதுக்கு விழுந்திருக்கு. அடுத்தது சரியா அஞ்சு பதினெட்டுக்கு. ரெண்டும் ஒரே எடம். நடுவுல ஏழரை நிமிஷத்தக் காணோம்."

ஏழரை என்று கேட்டதும் ஏழுமலை தலையை நிமிர்த்தினார்.

"வண்டி சும்மா நின்னிருக்கலாம்ல?" என்றார் அதிகாரி.

"நின்னிருந்தாலும் புள்ளி விழுந்துக்கிட்டேதான் சார் இருக்கும். விழுந்தத யாரோ எடுத்திருக்காங்க. நூத்தம்பது புள்ளி. மத்த பதிமூணு ரூட்டையும் இப்பப் பாத்துட்டேன். அதுகள்ல ஆறு செகண்டு, ஒம்பது செகண்டு ஓட்டைதான் இருக்கு. முள்ளு எடுத்த ஓட்டை அது. இது மட்டும் மூக்கு எடுத்த ஓட்டை."

அதிகாரி எழுந்து போய்த் திரையை அருகில் பார்த்தார். அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் முன்னால் ஒரு கோடு இருந்தது, அதை நம்பினார். அந்தக் கோட்டைக் கொடுத்தவன் நான். கோட்டை நேராக்க எனக்குத் தெரிந்தது, நேரத்தை மறைக்கத் தெரியவில்லை. அது நல்லதாய்ப் போயிற்று.

இதில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த ஓட்டை இரண்டு வாரமாக என் ஃபைலுக்குள்ளேயே இருந்தது. நானும் பார்க்கவில்லை, அந்தப் பெண்ணும் பார்க்கவில்லை. அழித்தது நான்தான் என்று வாயைத் திறந்து சொன்ன பிறகுதான் அவளுக்கு அங்கே தேடத் தோன்றியது. ஆதாரம் கிடைக்கட்டும், அப்புறம் சொல்லலாம் என்று நான் உட்கார்ந்திருந்தால் ஆதாரமும் கிடைத்திருக்காது, ஏழுமலையும் வேலையில் இருந்திருக்க மாட்டார்.

அதிகாரி கடைசியில் மூன்று உத்தரவு போட்டார். டிரைவர் மேல் நடவடிக்கை இல்லை. காலனி ஸ்டாப் இனி எழுத்தில் இருக்கும். இந்தத் தொழிற்சாலையின் ரூட் ஃபைல்களை இனி நான் தொடக்கூடாது. அதற்கு முன் ஏழாம் நம்பரை மட்டும் திரும்பப் பதிவு செய்து கொடுத்துவிட்டுப் போக வேண்டும். கான்ட்ராக்ட் போகவில்லை. ஆனால் வெளியே வந்ததும் முதலாளி, "உன் வாய்க்கு நாளையிலேர்ந்து டயர் கணக்குதான்" என்றார். ஆறு மாதம் யார்டில் உட்கார்ந்து டயர் நம்பர் எழுதினேன். அவமானமாகத்தான் இருந்தது. அவமானமாக இல்லை என்று சொல்கிற பெரிய மனுஷன் நான் இல்லை.

மறுநாள் யார்டுக்குப் போனேன். கத்தியது அங்கே, அதனால் மன்னிப்பும் அங்கேயே, அதே ஆட்கள் முன்னால்தான் கேட்க வேண்டும்.

"ஏழுமல, அன்னிக்கு உன்ன எல்லார் முன்னாடியும் பேசிட்டேன். தப்பு பண்ணவன் நான்தான். மன்னிச்சுக்கோப்பா."

ஒருவரும் சிரிக்கவில்லை. ஏழுமலை கண்ணாடியைத் துடைத்து முடித்து, துணியை உதறினார்.

"வண்டி எடுக்கணும் சார்" என்றார். அவ்வளவுதான். மன்னித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை விடியற்காலை போனை எடுத்துக்கொண்டு ஏழாம் நம்பரில் ஏறினேன். ஏழுமலை மணிமங்கலம் தாண்டினார். முக்கு ரோட்டில் லாரிகளைத் தாண்டி உள்ளே திருப்பினார். காலனித் தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால், எப்போதும் நிற்கிற இடத்தில் நிறுத்தினார். எட்டுப் பெண்களும் ஏறினார்கள். நான் "போலாம்" என்றேன். அவர் இன்ஜினை அணைத்தார்.

"புள்ளி வுழுதா சார்?"

"வுழுது."

"எத்தினி வுழுந்துச்சு?"

போனைப் பார்த்தேன். "இந்த எடத்துல முப்பது இருக்கும்."

"பத்தாது. இன்னும் வுழட்டும்."

கையை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பஸ்ஸில் ஐம்பது பேர் இருந்தார்கள். ஷிப்டுக்கு நேரமாகிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. அந்த முன் சீட்டுப் பெண் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். திரையில் புள்ளிகள் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்து கறுப்பாகத் திரண்டன.

"இப்ப?"

"நூறு தாண்டிடுச்சு."

"இனிமே எவனாவது அறுக்க முடியுமா சார்?"

"முடியாது ஏழுமல."

சாவியைத் திருகினார். அதற்குள் தங்கை வீட்டு டீ பஸ் ஜன்னலுக்கு வந்திருந்தது. டம்ளரை வாங்கி, குடிக்காமல், பின்னால் என்னிடம் நீட்டினார்.

அன்றைக்கு முதல் ஷிப்டுக்கு ஏழாம் நம்பர் பஸ் மூன்று நிமிடம் தாமதம். அந்த மூன்று நிமிடமும் ஃபைலில் அப்படியே இருக்கிறது. நான் அதை அழிக்கவில்லை, நீங்களும் அழிக்காதீர்கள்.